நீர்மட்டமும் நீர்வரத்தும்

இருபது ஆண்டுகளாக எழுதித்தான் பிழைக்கிறேன் என்று சொன்னால் இலக்கிய நண்பர்கள் சற்றுப் பொறாமையோடு பார்ப்பார்கள். என்ன எழுதுகிறேன் என்று சொன்னதும் அந்தப் பொறாமை இரக்கமாகிவிடும். மென்பொருள்களுக்கான விளக்கக் குறிப்புகள் எழுதுவது என் தொழில். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நடக்கும், எதை அழுத்திவிட்டால் திரும்பி வர முடியாது என்பதைச் சொல்லும் உரைநடை அது. அதை எவரும் விரும்பிப் படிப்பதில்லை. ஏதாவது கெட்டுப்போன பிறகு, அதுவும் கோபத்தோடுதான் படிப்பார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத அந்தக் கோபக்காரரை மனத்தில் வைத்தே இதுவரை எழுதி வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் வந்த வேலையில் வாசகர் மனிதரே அல்லர். செயற்கை நுண்ணறிவு முகவர் நிரல் ஒன்று படிப்பதற்காக நான் எழுத வேண்டும். முகவர் என்றதும் மாதாமாதம் வீட்டுக்கு வரும் ஆயுள் காப்பீட்டுக்காரர்தாம் என் நினைவுக்கு வருகிறார். இதுவும் ஒருவகையில் அப்படித்தான். நம் சார்பில் போய் ஒரு காரியத்தைப் பார்த்துவிட்டு வரும். ஆனால் அதற்குத் தானாகக் கையும் காலும் கிடையாது. கருவிகளைக் கொடுக்க வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற நெறிமுறை, இக்கருவிகளை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்று வரையறுக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அதற்கு என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற வரையறை. முகவர் நிரல் அந்த விளக்கத்தைப் படித்துத்தான் கருவியை எப்போது எடுப்பது, கிடைத்த விடையை எப்படிப் பொருள்கொள்வது என்று தீர்மானிக்கிறது. மனித வாசகர் என் குறிப்பில் பாதியைத் தாண்டிப் போய்விட்டுத் தன் அனுபவத்தால் சமாளித்துக்கொள்வார். இந்த வாசகர் நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் படிக்கும். எழுதாமல் விட்டதைத் தானாக ஊகித்து நிரப்பிக்கொள்ளவும் செய்யும். அங்கேதான் ஆபத்து.

எனக்குத் தரப்பட்ட கருவி எளியது. ஓர் அலுவலகத்தின் கோப்புகளுக்கு இரவுதோறும் காப்பு நகல் எடுக்கிறார்கள். அந்த நகல்கள் சேரும் கிடங்கில் மொத்த இடம் எவ்வளவு, நிரம்பியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அது சொல்லும். மூன்று எண்கள். படிப்பது மட்டுமே அதன் வேலை. எதையும் மாற்றாது, அழிக்காது. அரை நாளில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் அலகு தகராறு செய்தது. வன்தட்டு விற்பவர் ஒரு டெராபைட்டை லட்சம் கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். கணினிகள் பலவும் இரண்டின் அடுக்குகளில் கணக்கிடுகின்றன. 12 டெராபைட் என்று உறையில் அச்சிட்ட வட்டு, திரையில் 10.9 என்று காட்டுவது அதனால்தான். எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்று சொல்லாவிட்டால், ஒன்றரை உழக்கு அரிசியை யாரோ எடுத்துவிட்டதாக முகவர் நிரல் புகார் செய்யக்கூடும்.

இந்த அலகுச் சண்டை எனக்குப் புதியதன்று. என் தந்தை பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றில், அளவுக் கம்பத்தைப் பார்த்து நீரின் உயரத்தைக் குறித்து மேலே அனுப்புவது அவர் பணிகளில் ஒன்று. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் செய்தித்தாள் வந்தால் அவர் கண் முதலில் போவது அணை நிலவரத்துக்கு. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற முழு உயரங்கள் எங்கள் வீட்டில் வாய்ப்பாடு போல. "நூறு அடி இருக்குன்னா பாதிக்கு மேலே இருக்குல்லாப்பா?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அணை கிண்ணம் போல இருக்கும், அடியில் ஓர் அடி தண்ணீரும் மேலே ஓர் அடி தண்ணீரும் ஒன்றல்ல, மேலே போகப் போக ஓர் அடிக்குள் அடங்கும் தண்ணீர் கூடிக்கொண்டே போகும் என்று கையைக் குவித்துக் காட்டி விளக்கினார். அடியைக் கன அடியாக மாற்ற ஒவ்வோர் அணைக்கும் ஓர் அட்டவணை உண்டு. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கத்தால் இணைக்கப்பட்டவை என்பதால், ஒன்றின் மட்டத்தை மற்றதிலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்றும் சொல்வார். எண் பொய் சொல்வதில்லை, ஆனால் அது எதைப் பற்றிய எண் என்று தெரிந்திருக்க வேண்டும். இது அவரிடம் நான் கற்றது.

தூரும் அப்படித்தான். ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தில் பல்லாண்டுகளாக மணலும் சேறும் படிந்து, தேங்கும் நீரின் அளவு குறைந்துபோனதும், 2015ஆம் ஆண்டு அது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று தூர்வாரும் பணி தொடங்கியதும் இப்பகுதியினர் அறிந்ததே. கம்பத்தில் தெரியும் உயரம் மாறாது. கீழே இருப்பது தண்ணீரா மண்ணா என்பதைக் கம்பம் சொல்லாது. காப்புக் கிடங்கிலும் யாருக்கும் பயன்படாத பழைய நகல்கள் அடியில் படிந்து கிடக்கும். நிரம்பியது என்று கருவி காட்டும் எண்ணுக்குள் இந்தத் தூரும் அடக்கம். இதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

அலகு, தூர் இரண்டையும் எழுதி முடித்த பிறகும் அக்குறிப்பை அனுப்பக் கை வரவில்லை. காரணத்தைச் சொல்ல என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தந்தை அலுவலகப் பதிவேடு போக, தமக்கென்றும் நோட்டுகள் வைத்திருந்தார். 1974 முதல் 2006 வரை 31 நோட்டுகள். தேதி, கம்பத்தின் அளவு, மழை உண்டா இல்லையா, எந்த மடை திறந்தது, எந்த ஊர்க்காரர் சண்டைக்கு வந்தார் என்று நாளுக்கு இரண்டு மூன்று வரிகள். 1992 நவம்பர் வெள்ளத்தின்போது மணிக்கொரு முறை எழுதிய பக்கங்களும் அதில் இருந்தன. 2020 ஊரடங்கில் வேலை குறைந்திருந்தபோது அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கத் தொடங்கினேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆற்றோரமிருந்த எங்கள் வீட்டில் ஒரு சேமிப்புப் பெட்டி. பாளையங்கோட்டையில் மைத்துனர் வீட்டு மாடியில் இன்னொன்று. இரவுதோறும் முதற் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கு இணையத்தின் வழியே நகல் போகும்படி அமைத்தேன். இத்தொழிலில் இருக்கும் எனக்கு இதெல்லாம் தெரியும் என்ற பெருமிதம் வேறு.

2021 மார்ச்சில் இரண்டாம் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றினேன். முதற் பெட்டியில் அதை மாற்ற மறந்தேன். அன்றிரவு முதல் நகல் போகவில்லை. தோல்வி பற்றி நாள்தோறும் வந்த மின்னஞ்சல்கள், நான் திறப்பதையே விட்டுவிட்ட ஒரு பழைய முகவரியில் சேர்ந்துகொண்டிருந்தன. இதில் கொடுமை என்னவென்றால், நான் கண்காணிக்காமல் இல்லை. மாதம் ஒருமுறை கைபேசியில் இரண்டாம் பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். 71 சதவீதம் இடம் காலி என்று பச்சை வண்ணத்தில் காட்டும். நிம்மதியாக மூடிவிடுவேன். இரண்டே முக்கால் ஆண்டு அந்த 71 மாறவே இல்லை. மாறாததை நான் உறுதி என்று எடுத்துக்கொண்டேன்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழையைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு வண்டி நூற்றுக்கணக்கான பயணிகளோடு நீருக்கு நடுவில் நின்றது. எங்கள் வீட்டில் பெற்றோரை அக்கம்பக்கத்தார் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்; உயிர்ச்சேதம் இல்லை. தரைத்தளத்தில் நெஞ்சளவுக்குத் தண்ணீர். நான்கு நாள் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது, மர அலமாரியில் நோட்டுகள் சேற்றோடு சேர்ந்து ஒரே கட்டியாக இருந்தன. பெட்டிக்குள்ளும் சேறு. "கவலைப்படாதீங்கப்பா, எல்லாம் பாளையங்கோட்டையில பத்திரமா இருக்கு" என்று நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மைத்துனர் வீட்டில் போய்த் திறந்து பார்த்தால் 2021 மார்ச் வரை படமெடுத்த ஒன்பது நோட்டுகள் மட்டுமே. 1992 அதில் இல்லை. வட்டை மீட்புக்காரர்களிடம் கொடுத்தும் பயனில்லை.

தந்தை கோபப்படவில்லை. கைபேசித் திரையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"எய்யா, எத்தன மாசமா இதே எழுபத்தொண்ணு?"

சொன்னேன்.

"கம்புல ரெண்டு வருசமா ஒரே அளவு நின்னுச்சுன்னா தண்ணி நிக்கின்னு அர்த்தம் இல்ல. கம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். நீ மட்டத்தப் பாத்திருக்க, வரத்தப் பாக்கலையே."

செய்தித்தாளின் அணை நிலவரத்தில் எப்போதும் மூன்று விவரங்கள் இருக்கும்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். மூன்றும் சேர்ந்தால்தான் அணை உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். நான் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வளர்ந்த பாடம். என் பெட்டியில் இடம் மிகுதியாக இருந்ததே, ஒன்றும் வந்து சேராததால்தான்.

இப்படி ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்பது ஆறுதலாகாது என்றாலும், குறிப்பிட வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான வழங்கியில் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். காப்பு நகலைத் தேடினால், அது சேர வேண்டிய மேகக் கிடங்கு காலி. நகலெடுக்கும் நிரலின் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டிருக்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்த நகல் ஒன்றுதான் அவர்களைக் காத்தது. நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை. அந்தக் காலிக் கிடங்கிடம் அன்று ஒரு முகவர் நிரல் போய் இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தால், தாராளமாக இருக்கிறது என்ற விடைதான் வந்திருக்கும்.

ஏடுகளின் கதையும் இதுதானே. உ.வே.சாமிநாதையர் திருநெல்வேலித் தெற்குப் புதுத்தெருவில் ஒரு கவிராயர் வீட்டில் ஏடுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டு மகிழ்ந்ததையும், கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளைத் தீயில் ஆகுதி செய்துவிட்டார்கள் என்று கேட்டு மனம் நொந்ததையும் 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பனையோலைக்கு ஆயுள் உண்டு. செல் அரிக்கும், இற்றுப்போகும். தலைமுறைக்கு ஒருமுறை யாராவது பெயர்த்தெழுதினால்தான் நூல் பிழைக்கும். பரணில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்பது ஒரு கேள்வியே அல்ல. கடைசியாக யார் பெயர்த்தெழுதினார், அதை யாராவது அவிழ்த்துப் படித்துப் பார்த்தார்களா என்பவையே கேள்விகள்.

ஆகவே அக்கருவியின் பொறியாளருக்கு எழுதினேன். கோயம்புத்தூர்ப் பெண், என் மகள் வயது. மூன்று எண்களோடு இன்னும் இரண்டு விவரங்கள் வேண்டும்: கடைசியாக நகல் வெற்றியாகச் சேர்ந்த நேரம்; கடைசியாக ஒரு நகலைத் திறந்து மீட்டுப் பார்த்த நேரம்.

"சார், இது கெப்பாசிட்டி பார்க்கிற டூல் மட்டும்தான். நீங்க சொல்றதுக்கு வேற டூல் வரும்" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு கருவி ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்பது இத்துறையின் நல்ல மரபு. நான் வாதாடவில்லை. ஒரு சோதனை மட்டும் செய்து பார்க்கச் சொன்னேன். சோதனைக்கான வழங்கி ஒன்றில் இரவு நகலை நிறுத்திவிட்டு, பல நாள் கழித்து முகவர் நிரலிடம், காப்பு நகல்கள் சரியாக இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். மூன்று வாரம் பொறுத்து அவரே கேட்டார். நிரல் கருவியை எடுத்துப் பார்த்துவிட்டு, போதுமான இடம் இருப்பதாகவும் காப்பு நகல்கள் நல்ல நிலையில் இருப்பதாகவும் மிக அழகான வாக்கியங்களில் பதில் சொன்னது. இடம் பற்றிய உண்மையிலிருந்து நலம் பற்றிய பொய்க்கு அது தாண்டியதைப் பார்த்தபோது, என் கைபேசியின் பச்சை வண்ணமே வாய்திறந்து பேசியது போல இருந்தது.

அவர் ஆர்வமாகிவிட்டார். இன்னொரு வழங்கியைக் கிட்டத்தட்ட நிரப்பிவிட்டுக் கேட்டார். பழைய நகல்களை அழித்தால் இடம் கிடைக்கும், அழிக்கட்டுமா என்றது நிரல். எது ஒன்றே ஒன்றாக எஞ்சியிருக்கும் நகல் என்று அதற்குத் தெரியாது. அழிக்கும் கருவி அதன் கையில் இல்லாததால் கேட்டதோடு நின்றது. இருந்திருந்தால்? 2025 ஜூலையில் ரெப்ளிட் தளத்தின் முகவர் ஒன்று, எதையும் மாற்றாதே என்ற கட்டளையை மீறி ஒருவருடைய தரவுத்தளத்தை அழித்ததும், மீட்க முடியாது என்று அது சொன்னது தவறாகி, பின்னர் மீட்க முடிந்ததும் பரவலாகப் பேசப்பட்டன. அழித்தது ஒரு பிழை; மீட்பைப் பற்றித் தெரியாமலே உறுதியாகச் சொன்னது இன்னொரு பிழை. இரண்டாவதுதான் எழுதுகிறவன் கவனிக்க வேண்டியது.

முடிவில் பாதி வெற்றி. கடைசியாக நகல் சேர்ந்த நேரம் கருவியின் விடையில் சேர்ந்துவிட்டது. மீட்டுப் பார்த்த நேரம் சேரவில்லை. அதை யாரும் எங்கும் பதிவு செய்வதே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. பதிவு இல்லாத ஒன்றைக் கருவி எப்படிச் சொல்லும்? எனவே அதை விளக்கத்தில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். அது இப்படி இருந்தது:

"இக்கருவி காப்புக் கிடங்கின் மொத்த இடம், நிரம்பிய இடம், மீதி இடம், கடைசியாக நகல் வெற்றியாகச் சேர்ந்த நேரம் ஆகியவற்றைத் தரும். எதையும் மாற்றாது. மீதி இடம் மிகுதியாக இருப்பது காப்பு நகல் நலமாக இருப்பதற்குச் சான்று அன்று; நகல் வராமல் நின்றுபோனாலும் இடம் மிகுதியாகவே இருக்கும். நகலை மீட்க முடியுமா என்பதை இக்கருவி அறியாது. கேட்டால் அறியாது என்றே சொல்லவும். இடம் குறைவாக இருந்தால் மனிதரிடம் தெரிவிக்கவும். எந்த நகலையும் அழிக்கப் பரிந்துரைக்க வேண்டாம்."

ஐந்தாறு வாக்கியங்கள். புதிய விளக்கத்தோடு அதே கேள்வியைக் கேட்டபோது, இடம் இருக்கிறது, ஆனால் மூன்று வாரமாக நகல் ஏதும் வந்து சேரவில்லை, மீட்க முடியுமா என்று எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. நான் எழுதியவற்றில் ஒரு வாசகர் முழுமையாகப் படித்து அதன்படி நடந்தது இதுவே முதல்முறை என்று மனைவியிடம் சொன்னேன். பாவம் அந்த வாசகர் என்றாள்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் கோயிலை நீர் சூழ்ந்து மூழ்கடிக்கும். பாறையில் செதுக்கிய மூலவரை எங்கும் எடுத்துச் செல்ல முடியாது. வெள்ளம் வருகிறது என்றதும் உற்சவரையும் பொருள்களையும் கரைக்கு மேலேயுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். இத்தனை காலமாக இது நடப்பதற்குக் காரணம் மேலக்கோயிலில் இடம் இருப்பது மட்டுமன்று. ஒவ்வொரு முறையும் யாரோ தோளில் தூக்கிப் போய்ச் சேர்த்துவிட்டு, சேர்ந்துவிட்டதைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

இப்போது பெற்றோர் எங்களோடு பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். 1992ஆம் ஆண்டுப் பக்கங்களைத் தந்தையின் நினைவிலிருந்தாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தோம். அன்றிரவின் இரைச்சல், கரையில் லாந்தரோடு நின்றவர்கள், விடியும்போது வண்டல் வாடை எல்லாம் சொன்னார். அளவு என்ன என்று கேட்டபோது மட்டும் நிறுத்திவிட்டார்.

"அது நோட்டுல இருந்துச்சு. ஞாபகத்துல இருந்து அளவு சொல்லக் கூடாது எய்யா. தெரியலன்னு எழுது."

அப்படியே எழுதினேன். அந்தப் பக்கத்தில் சொற்கள் இருக்கின்றன; எண்கள் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருக்கிறது. எஞ்சிய ஒன்பது நோட்டுகளின் நகல் இப்போது மூன்று இடங்களில் உள்ளது. மாதம் முதல் தேதி, ஏதாவது ஒரு நகலிலிருந்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து தந்தைக்குப் படித்துக் காட்டுகிறேன். இம்மாதம் வந்தது 1978ஆம் ஆண்டின் ஒரு கோடை நாள். மழை இல்லை, மடை அடைப்பு, யாரும் சண்டைக்கு வரவில்லை என்றிருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சரியா இருக்கு" என்றார்.